வீட்டுக் கோழிக்கு வயிறு சரியில்லையா? குடற்புழு, கழிச்சல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை கொளத்தூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியிலும் பின்கட்டிலுமாக ஒன்பது கோழிகள் திரிகின்றன. ஐந்து சிறுவிடை, இரண்டு கழுத்தறுத்தான், ஒரு கருங்கோழி, தெருவில் பச்சைச் சாயம் பூசிய கலர் குஞ்சாக வாங்கி இப்போது கிழச்சேவல் ஆகிவிட்ட ஒன்று. அக்கம்பக்கத்தில் கோழி வளர்ப்பவர்கள் என்னிடம் வந்து நிற்கும்போது பத்தில் எட்டுப் பேர் கேட்பது ஒன்றுதான்: "வயிற்றால் போகிறது, புழு மருந்து கொடுத்துவிடட்டுமா?" நான் கால்நடை மருத்துவர் இல்லை. மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், கோழிகளைப் பறிகொடுத்துக் கற்றுக்கொண்டதையும் இங்கே பதிலாக எழுதியிருக்கிறேன்.

எச்சம் எப்படி இருந்தால் கோழி நலமாக இருக்கிறது என்று அர்த்தம்?

பழுப்பு அல்லது பச்சை கலந்த பழுப்பில் கொஞ்சம் கெட்டியாக இருந்து, மேலே சுண்ணாம்பு தடவியது போல ஒரு வெள்ளைத் தொப்பி இருந்தால் நல்லது. அந்த வெள்ளை, கோழியின் சிறுநீர். கோழிக்குச் சிறுநீர் தனி வழியாகப் போவதில்லை, எச்சத்தோடு சேர்ந்தே வரும்.

புதிதாக வளர்ப்பவர்களைப் பதற வைக்கும் இன்னொன்று உண்டு. எட்டு பத்து முறைக்கு ஒரு முறை, உருகிய சாக்லேட் போல ஒட்டிக்கொள்ளும், மூக்கைப் பிடிக்க வைக்கும் நாற்றத்தோடு ஒரு எச்சம் வரும். அது கழிச்சல் அல்ல. குடலின் கடைசியில் இரட்டைப் பைகள் போல இருக்கும் குருட்டுக்குடல்கள் தம்மைக் காலி செய்துகொள்கின்றன, அவ்வளவுதான். அது வராமல் இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

இரவில் கோழிகள் அடையும் கட்டைக்குக் கீழே பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். காலையில் எந்தக் கோழி எந்த இடத்தில் உட்கார்ந்ததோ அதன் கணக்கு அதற்கு நேர் கீழே இருக்கும். காசு செலவில்லாத பரிசோதனை இது. நான் காபி குடிப்பதற்கு முன்பு அதைத்தான் பார்ப்பேன். வீட்டில் இதற்காக நான் வாங்கிய பேச்சு கொஞ்சமல்ல.

மே மாதத்தில் எல்லாக் கோழிக்கும் தண்ணீராகப் போகிறதே?

கத்திரி வெயிலில் அது பெரும்பாலும் நோயல்ல. கோழியின் உடல் சூடே 41 டிகிரி செல்சியசுக்கு மேல்; வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து இளைத்தும், தண்ணீரை நிறையக் குடித்தும்தான் சமாளிக்கிறது. குடித்த தண்ணீர் எச்சத்தில் தெரியும். கோழி தீனி எடுத்து, சுறுசுறுப்பாக நடந்தால் நிழலும் குளிர்ந்த தண்ணீரும் போதும். மீந்த சாம்பார் சாதம், கருவாட்டுத் துண்டு, மிக்சர் போன்றவற்றைக் கொட்டினாலும் இதே கதைதான். உப்பு அதிகமானால் தாகம், தாகம் அதிகமானால் தண்ணீர்க் கழிச்சல். உப்பு எல்லை மீறினால் சாவு.

புழு இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்ணைவிடக் கை நம்பகமானது. கோழியை மடியில் வைத்துக்கொண்டு நெஞ்சைத் தடவிப் பாருங்கள். நடுவில் ஓடும் எலும்பின் இரு பக்கமும் சதை நிரம்பியிருக்க வேண்டும். எலும்பு கத்தி விளிம்பு போலக் கையில் தட்டுப்பட்டால், அது தின்பதெல்லாம் வேறு யாருக்கோ போகிறது. கொண்டை வெளுத்தல், இறக்கையைத் தொங்கப் போட்டு நிற்றல், முட்டை குறைதல், நன்றாகத் தின்றும் எடை ஏறாமை ஆகியவையும் அறிகுறிகளே. ஆனால் பேன் ஏறினாலும் கொண்டை வெளுக்கும், வயதானாலும் முட்டை குறையும். ஒரே ஓர் அறிகுறியை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

எங்கள் கழுத்தறுத்தான் பெட்டை ஒன்று மாதக்கணக்கில் இளைத்துக்கொண்டே வந்தது. செய்தித்தாளில் ஒரு நாளும் புழு தென்படவில்லை, ஆகவே புழு இல்லை என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். பிறகு காலை எச்சத்தை ஒரு சிறு டப்பாவில் எடுத்துக்கொண்டு போய்க் கால்நடை மருத்துவமனையில் கொடுத்தேன். உப்புக் கரைசலில் எச்சத்தைக் கரைத்து வடிகட்டிச் சிறிது நேரம் வைத்தார்கள். புழுவின் முட்டைகள் கனம் குறைந்தவை என்பதால் மேலே மிதந்து வந்து கண்ணாடித் துண்டில் ஒட்டிக்கொண்டன. நுண்ணோக்கியில் என்னையும் பார்க்கச் சொன்னார்கள்: முட்டை வடிவில், தடித்த ஓட்டோடு, அடுத்தடுத்து கிடந்தன. உள்ளே குடித்தனம் நடத்தும் புழு சாதாரணமாக வெளியே வருவதில்லை. எச்சத்தில் முழுப் புழுவே தெரிகிறது என்றால், உள்ளே இடம் போதவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாப் புழுவும் ஒன்றுதானே?

இல்லை. தவறான மருந்துக்குக் காசு போவது இங்கேதான்.

அதிகம் காணப்படுவது உருண்டைப்புழு. வெள்ளையாக, நூடுல்ஸ் போல, 5 முதல் 12 சென்டிமீட்டர் வரை சிறுகுடலில் இருக்கும். எச்சத்தோடு வரும் அதன் முட்டை, ஈரமும் சூடும் இருந்தால் சில வாரங்களில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். அதைக் கொத்தித் தின்ற கோழிக்குள் அது வளர்ந்து தானும் முட்டையிட ஐந்து முதல் எட்டு வாரம் ஆகும். இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள், மருந்து இடைவெளிக்குப் பயன்படும். குருட்டுக்குடலில் ஒரு சென்டிமீட்டர் அளவில் இன்னொரு சிறு புழு வாழ்கிறது. கோழியை அது பெரிதாகத் தொந்தரவு செய்யாது. ஆனால் வான்கோழிகளைக் கொல்லும் ஓர் ஒட்டுண்ணியை அது சுமந்து திரிவதால், வான்கோழியையும் கோழியையும் ஒரே இடத்தில் விடாதீர்கள். முடிப்புழு என்பது மயிரிழை போல இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, சேதம் மட்டும் தெரியும்.

நாடாப்புழு தனி இனம். எச்சத்தின் மேல் அரிசி மணி போல வெள்ளைத் துணுக்குகள் ஒட்டியிருந்து, சில நேரம் நெளிந்தால் அதுதான். அதன் முட்டையைக் கோழி நேராகத் தின்றால் நாடாப்புழு வராது. எறும்பு, வண்டு, ஈ போன்ற ஏதாவது ஒரு பூச்சி அந்த முட்டையைத் தின்று, அந்தப் பூச்சியைக் கோழி தின்ன வேண்டும்.

எங்கள் கோழி மொட்டைமாடியை விட்டு இறங்கியதே இல்லை. அதற்கு எப்படிப் புழு வரும்?

மாடித்தோட்டம் வைத்திருக்கிறீர்களா? தொட்டி மண்ணில் மண்புழு இருக்கும், எறும்பு இருக்கும். ஈயும் வண்டும் படியேறி வரத் தேவையில்லை. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலிருந்தோ வேறெங்கிருந்தோ வாங்கி வந்த புதுக்கோழி உள்ளேயே புழுவைக் கொண்டு வந்திருக்கலாம். புதிதாக வருவதை இரண்டு மூன்று வாரம் தனியாக வைத்து, எச்சத்தைப் பரிசோதித்துவிட்டுப் பிறகு கூட்டத்தில் சேருங்கள். உங்கள் செருப்பு அடியில் ஒட்டி வருவதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எந்த மருந்து, எவ்வளவு?

பைபரசின் உருண்டைப்புழுவை மட்டும் அசைய முடியாமல் செய்யும். குடல் அதை வெளியே தள்ளிவிடும். மற்றப் புழுக்களிடம் அதன் ஜம்பம் சாயாது. அல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல், லெவாமிசோல் ஆகியவை உருண்டைப்புழுவோடு வேறு பல புழுக்களுக்கும் வேலை செய்யும். நாடாப்புழு என்று உறுதியானால் பிரசிகுவாண்டல் போன்ற மருந்தை மருத்துவர் எழுதிக் கொடுப்பார்.

அளவைப் பொறுத்தவரை ஒரு கணக்கைப் பாருங்கள். அல்பெண்டசோல் சாதாரணமாக ஒரு கிலோ எடைக்கு 10 மில்லிகிராம். 1.2 கிலோ சிறுவிடைக்கு 12 மில்லிகிராம். கால்நடைகளுக்கென விற்கும் 2.5 சதவீதத் திரவ மருந்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 25 மில்லிகிராம் இருக்கிறது, ஆக அரை மில்லி போதும். இப்போது குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள்: அது 400 மில்லிகிராம். "பாதி மாத்திரை கொடுத்தேன், சின்னக் கோழிதானே" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அந்தப் பாதி, பதினாறு கோழிகளுக்கான மருந்து. சமையலறைத் தராசில் ஒரு கூடையை வைத்துக் கோழியை நிறுத்துவிட்டு, மருத்துவரிடம் எடையைச் சொல்லி அளவு கேளுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். இறகு உதிர்ந்து புதிது முளைக்கும் காலத்தில் ஃபென்பெண்டசோல் கொடுத்தால் புது இறகு கோணல்மாணலாக வரக்கூடும். எலும்பும் தோலுமாக இருக்கும் கோழிக்கு ஒரே அடியாகப் பலமான மருந்து கொடுத்தால், செத்த புழுக்கள் கும்பலாகக் குடலை அடைத்துவிடலாம். அப்படிப்பட்டதை மருத்துவர் கையில் விடுங்கள்.

தண்ணீரில் கலந்து வைக்கலாமா, வாயில் ஊற்ற வேண்டுமா?

நாலைந்து கோழி என்றால் வாய்வழியாகத்தான். தண்ணீரில் கலந்தால் கொழுத்த சேவல் இரண்டு பங்கு குடிக்கும், நோய்ப்பட்டது மூலையில் நிற்கும். மருந்து வேண்டியது யாருக்கோ அதற்குப் போகாது. மழை நாளில் எந்தக் கோழியும் சரியாகக் குடிப்பதில்லை.

இருட்டிய பிறகு பிடித்தால் அமைதியாக இருக்கும். துண்டில் சுற்றி இடது கை இடுக்கில் வைத்துக்கொள்ளுங்கள். வாயைத் திறந்தால் நாக்கு முடியும் இடத்தில் ஒரு துளை திறந்து மூடுவது தெரியும். அது மூச்சுக்குழல். அதற்குள் மருந்து போனால் கோழி அங்கேயே திணறிவிடும். ஆகவே ஊசி கழற்றிய ஒரு மில்லி சிரிஞ்சில் எடுத்து, அலகின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஒவ்வொரு சொட்டையும் அது விழுங்கட்டும். அவசரப்பட்டு ஒரு கோழியை நான் இழந்திருக்கிறேன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டுமா?

பலரும் அப்படித்தான் கொடுக்கிறார்கள். மண்ணில் மேயும் கோழிக்கு அதில் நியாயம் உண்டு. ஆனால் எச்சப் பரிசோதனை செய்து, தேவைப்பட்டால் மட்டும் கொடுப்பது என் கட்சி. தேவையில்லாமல் ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால், அதற்கு அசையாத புழுக்களை நாமே வளர்த்துவிடுவோம். ஒரு முறை கொடுத்தால், மருத்துவர் சொல்லும் இடைவெளியில், பொதுவாக இரண்டு மூன்று வாரத்தில், மறுவேளையும் கொடுங்கள். முதல் வேளைக்குத் தப்பிய இளம்புழுக்கள் முட்டையிடத் தொடங்கும் முன் அவற்றைப் பிடிக்கத்தான் அது.

மருந்து கொடுத்த கோழியின் முட்டையைச் சாப்பிடலாமா?

மருந்தின் அட்டையில் எத்தனை நாள் முட்டையை விலக்க வேண்டும் என்று இருக்கும், அதன்படி நடங்கள். இல்லையென்றால் மருத்துவரிடம் கேளுங்கள். நாங்கள் இரண்டு வாரம் முட்டையைக் குப்பையில் போடுகிறோம். முட்டையை உடைக்கும்போது உள்ளே ஒரு புழு கிடப்பதும் அபூர்வமாக நடக்கும். அந்த வீட்டில் ஒரு மாதம் ஆம்லெட் இருக்காது.

எச்சத்தில் ரத்தம் வருகிறது. புழு மருந்து கொடுத்தும் நிற்கவில்லை. ஏன்?

ஏனென்றால் அது புழுவே இல்லை. ரத்தக்கழிச்சலை உண்டாக்குவது கண்ணுக்குத் தெரியாத ஓரணு ஒட்டுண்ணி. எந்தப் புழு மருந்தும் அதை ஒன்றும் செய்யாது. மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுகளைத்தான் அதிகம் அடிக்கும். குஞ்சு இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடி, குளிரில் நிற்பது போல நிற்கும். எச்சம் தக்காளிச் சட்னி நிறத்தில் இருக்கும். இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். தெருவில் வாங்கிய கலர் குஞ்சுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாவதற்குச் சாயத்தைக் குற்றம் சொல்கிறோம். குளிரும் நெரிசலும் இந்தக் கழிச்சலும்தான் பல நேரம் உண்மையான காரணம்.

இதன் வித்து எச்சத்தில் விழுந்து, ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் ஓரிரு நாளில் தொற்றத் தயாராகிவிடும். ஃபினாயிலுக்கும் பிளீச்சிங் பவுடருக்கும் அது மசியாது. சூடும் உலர்ச்சியும்தான் அதற்கு எமன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் பின்கட்டில் தண்ணீர் நின்றது. வடிந்து பத்து நாளில் பதினொரு குஞ்சுகளில் நான்கு போய்விட்டன. அதில் எனக்கும் பங்குண்டு. கடையில் கேட்டபோது ஒரு புழு மருந்தைக் கொடுத்து அனுப்பினார்கள், நானும் நம்பி இரண்டு நாளை வீணாக்கினேன்.

இதற்கு மருத்துவர்கள் பெரும்பாலும் எழுதுவது ஆம்புரோலியம். 20 சதவீதத் தூள் என்றால் ஒரு லிட்டர் குடிநீருக்கு 1.2 கிராம் என மூன்று முதல் ஐந்து நாள், பிறகு 0.3 கிராமாகக் குறைத்து ஓரிரு வாரம். வேறு தண்ணீர் வைக்கக் கூடாது. "குஞ்சு பலவீனமாக இருக்கிறதே" என்று அதே நாட்களில் பி காம்ப்ளக்ஸ் டானிக்கைக் கலந்துவிடாதீர்கள். இந்த மருந்து, பி1 வைட்டமின் போல வேடமிட்டு ஒட்டுண்ணியைப் பட்டினி போடுகிறது. நீங்கள் அசல் வைட்டமினையே ஊட்டினால் வேடம் கலைந்துவிடும். டானிக் மருந்து முடிந்த பிறகு இருக்கட்டும்.

வெள்ளைக்கழிச்சலும் இதுவும் ஒன்றா?

இல்லவே இல்லை. வெள்ளைக்கழிச்சல் வைரஸ் நோய். ராணிக்கெட் என்று சொல்வதும் அதைத்தான். உத்தராகண்டில் உள்ள அந்த ஊரின் பெயரே நோய்க்கு வந்துவிட்டது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, மூச்சு இழுத்து, கழுத்து முறுக்கிக்கொண்டு, கூட்டமே காலியாகும். வந்த பின் அதைத் தீர்க்க மருந்து கிடையாது. தடுப்பூசி ஒன்றே வழி: முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு, எட்டாவது வாரத்தில் இறக்கை அடியில் ஊசி. தமிழக அரசின் கால்நடைத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் இதற்கென முகாம் நடத்துகிறது. தடுப்பூசிக்கு ஒரு வாரம் முன்னதாகக் குடற்புழு நீக்கிவிட்டால், ஊசி நன்றாகப் பிடிக்கும் என்பார்கள் மருத்துவர்கள்.

ஒரேயடியாகப் பல கோழிகள் செத்தால் மருந்துக் கடைக்குப் போகாதீர்கள், கால்நடை மருத்துவமனைக்குத் தகவல் கொடுங்கள்.

கழுத்துக்குக் கீழே பந்து போல வீங்கியிருக்கிறது. புழுவா?

அது தீனிப்பை. மாலையில் நிரம்பியிருப்பதும் காலையில் காலியாக இருப்பதும் இயல்பு. விடிந்ததும் தீனி வைக்கும் முன் தொட்டுப் பாருங்கள். கல் மாதிரி இருந்தால் நார், கயிறு, பிளாஸ்டிக் ஏதோ அடைத்திருக்கிறது. தண்ணீர் பலூன் போலத் தளதளவென்று இருந்து வாயில் புளித்த மாவு வாடை அடித்தால் உள்ளே பூஞ்சை பெருகியிருக்கிறது. இணையத்தில் பார்த்துவிட்டுக் கோழியைத் தலைகீழாகப் பிடித்துப் பிழிந்து எடுக்காதீர்கள், வாந்தி மூச்சுக்குழலில் இறங்கிவிடும். மருத்துவரிடம் போங்கள். மாடியிலேயே வளரும் கோழிக்குச் சின்னக் கிண்ணத்தில் பெருமணலும் பொடிக்கல்லும் வையுங்கள். பல் இல்லாத அதற்கு அரைவைக்கல் அதுதான்.

வேப்பிலை, மஞ்சள், சின்ன வெங்காயம் கொடுத்தால் போதாதா?

என் மாமியார் வாரம் ஒரு நாள் சின்ன வெங்காயமும் வேப்பங்கொழுந்தும் மஞ்சளும் தட்டி, நொய்யோடு பிசைந்து வைப்பார். கோழிகள் அடித்துக்கொண்டு தின்னும். நான் தடுப்பதில்லை. ஆனால் நுண்ணோக்கியில் புழு முட்டை தெரிந்த பிறகு இதை மட்டும் நம்பி உட்காருவதில்லை. அவருக்கும் எனக்கும் இதில் இன்னும் வழக்கு தீரவில்லை. வெங்காயத்தை அளவோடு வையுங்கள், அளவு மீறினால் கோழிக்கு ரத்தம் குறையும்.

மழைக்காலத்தில் என்ன செய்ய வேண்டும்?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னையில் கோழி வளர்ப்பதென்பது ஈரத்தோடு மல்லுக்கட்டுவதுதான். தரையில் நாலு விரல் கனத்துக்கு உமியோ மரத்தூளோ பரப்பி, தினமும் கிளறி, நனைந்த பகுதியை அள்ளிவிட்டுப் புதிது போடுங்கள். கையில் பிடித்து இறுக்கினால் உருண்டை பிடிக்கக் கூடாது, அதுதான் அளவுகோல். தண்ணீர்ப் பாத்திரத்தைக் கோழியின் முதுகு உயரத்துக்கு ஒரு செங்கல்லின் மேல் ஏற்றிவிட்டால் பாதிச் சிந்தல் நின்றுவிடும். தீனியைத் தரையில் இறைக்காதீர்கள்.

தீனி மூட்டையையும் முகர்ந்து பாருங்கள். பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்திலும் கடலைப் பிண்ணாக்கிலும் உண்டாகும் நஞ்சு ஈரலைத் தின்றுவிடும். 1960இல் இங்கிலாந்தில் லட்சம் வான்கோழிகள் மர்மமாகச் செத்தபோது, கடைசியில் குற்றவாளியாகப் பிடிபட்டது பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்குதான். வெயிலில் காயவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. மூட்டை போனால் போகட்டும்.

கோழியின் புழு வீட்டுக் குழந்தைகளுக்குத் தொற்றுமா?

மேலே சொன்ன குடற்புழுக்கள் கோழியோடு நின்றுவிடும். சால்மொனெல்லா கிருமி அப்படியல்ல, எச்சத்திலிருந்து கைக்கும் கையிலிருந்து வாய்க்கும் வரும். கோழியைத் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவச் சொல்லுங்கள். முத்தம் கொடுக்க வேண்டாம்.

சென்னையில் கோழியை எங்கே காட்டுவது?

1903இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது. சைதாப்பேட்டையில் அரசுக் கால்நடைப் பன்முக மருத்துவமனை இருக்கிறது. நாய்க்கும் பூனைக்கும் நடுவே அட்டைப் பெட்டியில் கோழியோடு உட்காரக் கூச்சம் வேண்டாம். சென்னையின் ஒரு பகுதியான நந்தனத்தின் பெயரிலேயே நந்தனம் கோழி என்று ஓர் இனத்தை உருவாக்கியவர்கள் கால்நடைப் பல்கலைக்கழகத்துக்காரர்கள். போகும்போது அன்று காலை எச்சத்தை மூடியிட்ட டப்பாவில் எடுத்துச் செல்லுங்கள், மண் ஒட்டாத பகுதியாக. கோழியின் எடை, வயது, போட்ட தடுப்பூசி, ஏற்கெனவே கொடுத்த மருந்தின் அட்டை ஆகியவையும் கையில் இருக்கட்டும்.

கோழி செத்துவிட்டது. இனி என்ன தெரிந்து என்ன பயன்?

மிச்சம் இருப்பவற்றுக்குப் பயன். இறந்த உடனே இரட்டைப் பையில் போட்டு, சுற்றிலும் ஐஸ் கட்டி வைத்து, அன்றே பிரேதப் பரிசோதனைக்குக் கொண்டு போங்கள். உறைய வைத்தால் திசு சிதைந்துவிடும், ஆகவே ஃபிரீசரில் போட வேண்டாம். அந்த நான்கு குஞ்சுகளில் கடைசியானதை அப்படிக் கொண்டு போனேன். குருட்டுக்குடல் இரண்டும் ரத்தம் உறைந்து கறுத்து, தடித்த விரல் போல இருந்தன. மருத்துவர் எதுவும் சொல்லவில்லை, ஆம்புரோலியம் என்று எழுதிச் சீட்டை என் பக்கம் நகர்த்தினார். மற்ற ஏழும் பிழைத்தன.